வடக்கின் குரலுக்கு வந்த பணம்: கனடாப் பூர்வகுடி ஒளிபரப்பும் அதில் வளர்ந்த இளையோரும்

கனடாவில் கேபிள் இணைப்போ செய்மதி இணைப்போ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், தங்கள் மாதக் கட்டணத்தில் ஒரு சிறு தொகையை ஏபிடிஎன் எனப்படும் பூர்வகுடி மக்கள் தொலைக்காட்சிக்குச் செலுத்தி வருகின்றன. 1999-இல் அது மாதத்துக்கு 15 சதம். 2018-இல் 35 சதமாக உயர்ந்தது. அலைவரிசைத் தொகுப்பின் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் பலருக்கு இது தெரியாது. அந்தச் சில சதங்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. தொலைக்காட்சி வேண்டாம் என்று வாக்களித்த ஊர் அதில் இருக்கிறது. தயங்கித் தயங்கிக் கொடுத்த அரசும், கொடுத்ததைப் பாதியில் பறித்த வரவு செலவுத் திட்டமும் இருக்கின்றன. இருபதுகளில் கமராவைத் தொட்டு, பிறகு உலக அரங்கில் பரிசு வாங்கிய இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒலிபரப்பாளர்களின் உழைப்பைப் போற்றும் இந்த மலரில் அந்த வரலாற்றுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

வானிலிருந்து வந்த வேற்று மொழி

கனடாவின் அரசியலமைப்பு முதற்குடிகள், இனுயிட், மேட்டிஸ் என்ற மூன்று மக்களைப் பூர்வகுடிகளாக ஏற்கிறது. இவர்களில் இனுயிட் மக்கள் வடதுருவத்தை ஒட்டிய கடற்கரைகளில் வாழ்பவர்கள். இன்றும் அவர்களின் நுனாவுட் ஆட்சிப்பகுதியில் ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாலைகள் இல்லை. விமானமும் கோடைக் காலக் கப்பலும்தான் வழி. 1967-இலிருந்து வடக்கின் சில ஊர்களுக்குத் தொலைக்காட்சி போனது. தெற்கில் பதிவு செய்த நாடாக்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் அவை ஓடின.

1972 நவம்பரில் அனிக் ஏ1 செய்மதி ஏவப்பட்டதும் நிலைமை மாறியது. உள்நாட்டுத் தொடர்புக்கென்றே ஒரு நாடு புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்திய முதல் செய்மதி அதுதான். 1974-இல், 500 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கெல்லாம் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் சேவையைக் கொண்டு செல்ல அரசு திட்டம் வகுத்தது. பனிவெளியின் நடுவில் வட்டக் கிண்ணங்கள் எழுந்தன. ரொறன்ரோவில் ஓடும் நிகழ்ச்சி அதே வேளையில் வடக்கின் இக்காலுயிட்டிலும் ஓடியது.

ஓடியவை எல்லாம் ஆங்கிலமும் பிரெஞ்சும். இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. வதிவிடப் பாடசாலைகள் ஏற்கெனவே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்தன. அங்கே தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தக் காயம் ஆறாத வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்தது. மாலையில் பாட்டியைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் அவர் அறியாத மொழியில் பேசும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிற்பாடு இனுயிட் ஒளிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்த ரோஸ்மேரி குப்டானா, இந்த வரவை நியூத்திரன் குண்டுக்கு ஒப்பிட்டார். கட்டடங்களை நிற்க விட்டு மனிதர்களை மட்டும் அழிக்கும் குண்டு என்பது அவர் சொன்ன பொருள்.

இக்லூலிக் சொன்ன மறுப்பு

இக்லூலிக் அன்று ஆயிரம் பேரும் இல்லாத ஒரு தீவூர். 1975-இல் தொலைக்காட்சி வேண்டுமா என்று அங்கே வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்று தீர்ப்பு வந்தது. 1979-இல் மறுபடி கேட்டார்கள். மறுபடியும் வேண்டாம் என்றே வந்தது. எங்கள் மொழியில் ஏதாவது வரும்வரை இந்தப் பெட்டி எங்களுக்குத் தேவையில்லை என்பதே அவர்கள் நிலை. தொலைக்காட்சியை நவீனத்தின் அடையாளமாக உலகமே ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சிற்றூர் தன் பிள்ளைகளின் நாவில் எந்த மொழி இருக்க வேண்டும் என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் தலைவணங்க வைக்கும் நிகழ்ச்சி இதுவே.

அதே ஆண்டுகளில் இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் டப்பிரிசாட், அரசிடம் கேட்டுப் பெற்ற நிதியில் இனுக்‌ஷுக் என்ற சோதனைத் திட்டத்தை நடத்தியது. இன்று இக்காலுயிட் என்று அழைக்கப்படும் ஃபுரொபிஷர் பே, இக்லூலிக், பாண்ட் இன்லெட், பேக்கர் லேக், ஆர்வியட், கேம்பிரிட்ஜ் பே ஆகிய ஆறு ஊர்களை அனிக் பி செய்மதி வழியாக 1980-81இல் இணைத்தார்கள். படம் இக்காலுயிட்டிலிருந்து போகும். மற்ற ஊர்களிலிருந்து குரல் திரும்பி வரும். வேட்டைக்காரர்கள் ஊர் விட்டு ஊர் பேசினார்கள். மாணவர்கள் பேசினார்கள். ஊர்ச் சபைகள் கூடிப் பேசின. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த உறவினர்கள் தங்கள் மொழியிலேயே விவாதிப்பதை மக்கள் திரையில் கண்டார்கள்.

அந்தச் சோதனையின் வெற்றியிலிருந்து பிறந்ததுதான் இனுயிட் ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம். கனடாவின் ஒளிபரப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் சிஆர்டிசி ஆணைக்குழுவிடம் 1981-இல் உரிமம் பெற்று, 1982 ஜனவரியில் அது ஒளிபரப்பைத் தொடங்கியது. தங்கள் மொழி நிகழ்ச்சிகளுக்கு உறுதி கிடைத்த பிறகே இக்லூலிக் தொலைக்காட்சியை உள்ளே விட்டது.

1983: கொள்கையும் பணமும்

அரசு உதவி 1983-க்கும் முன்பே தொடங்கியிருந்தது. 1974-இல் வந்த பூர்வகுடித் தொடர்பாடல் திட்டம், பல மாகாணங்களில் பூர்வகுடித் தொடர்பாடல் சங்கங்கள் பத்திரிகையும் வானொலியும் நடத்தப் பணம் தந்தது. அதே ஆண்டில் ஒன்ராறியோவின் வடக்கில் தொடங்கிய வவடே சங்கம் இதற்கு நல்ல உதாரணம். காட்டுக்குள் பொறி வைத்து விலங்கு பிடிக்கப் போகும் குடும்பங்களுக்குக் கையில் எடுத்துச் செல்லும் வானொலிக் கருவிகளைக் கொடுத்து வாங்கும் சேவையை அது நடத்தியது. யாருக்காவது நோய் வந்தால், பனியில் வழி தவறினால், அந்தக் கருவிதான் உயிர்காப்பு. கிரீ, ஓஜி-கிரீ மொழிகளில் பத்திரிகையும் வானொலியும் அதோடு சேர்ந்து வளர்ந்தன.

1980-இல் சிஆர்டிசி அமைத்த தெரியன் குழு, தொலைதூரச் சமூகங்களின் தேவைகளை ஆராய்ந்து, பூர்வகுடி மக்கள் தங்கள் மொழியையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ள ஒளிபரப்பைப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பலனாக 1983 மார்ச் 10 அன்று வடக்கு ஒளிபரப்புக் கொள்கை வெளியானது. வடக்கின் பூர்வகுடி மக்களுக்கு ஒளிபரப்பு வசதிகளில் நியாயமான இடம் தரப்பட வேண்டும், அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பன அதன் அடிப்படைகள்.

கொள்கையோடு பணமும் வந்ததுதான் முக்கியம். வடக்குப் பூர்வகுடி ஒளிபரப்பு அணுகல் திட்டம் என்ற பெயரில், முதல் நான்கு ஆண்டுகளுக்கு மூன்று கோடி டொலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. 13 சங்கங்கள் அதைப் பெற்றன. வாரத்துக்கு 20 மணி நேர வானொலி, 5 மணி நேரத் தொலைக்காட்சி என்பது இலக்கு. லாப்ரடோரில் ஒகாலகாட்டிகெட், கியூபெக்கின் வடக்கில் தக்ரமியுட் நிப்பிங்காட், யூக்கோனில் வடக்குப் பூர்வகுடி ஒளிபரப்புச் சங்கம், மேற்கு ஆர்க்டிக்கில் இனுவியாலுயிட் தொடர்பாடல் சங்கம் என்று ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நிறுவனங்கள் வேர் பிடித்தன.

திட்டத்துக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது. புவியியலாளர் லூயி எட்மண்ட் அமெலின் வரைந்த வடக்குக் கோட்டுக்கு மேலே இருந்த சங்கங்களுக்குத்தான் பணம். கோட்டுக்குத் தெற்கே, வினிப்பெக்கிலும் வான்கூவரிலும் ரொறன்ரோவிலும் வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கு இதில் பங்கில்லை. நகரங்களுக்கு இடம்பெயர்ந்த இளையோரை இந்தக் கோடு வெளியே நிறுத்தியது. அந்த அநீதி பல ஆண்டுகள் பேசப்பட்டது.

நள்ளிரவை ஒட்டிய நேரம்

நிகழ்ச்சி தயாரிக்கப் பணம் கொடுத்தவர்கள், அதை எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் காட்டுவது என்பதற்கு வழி செய்யவில்லை. இனுயிட் கூட்டுத்தாபனத்தின் நிகழ்ச்சிகள் சிபிசியின் வடக்குச் சேவையில் இடைவெளி கிடைத்த நேரத்தில் போயின. பெரும்பாலும் அது இரவு பதினொரு மணிக்குப் பிறகு. பனிக்கட்டி ஹொக்கி ஆட்டம் நீண்டுவிட்டால் அதுவும் இல்லை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சியைக் குழந்தைகள் தூங்கிய பிறகு காட்ட வேண்டிய நிலை.

இவ்வளவு தடைகளுக்கு நடுவிலும் அவர்கள் உருவாக்கிய நிகழ்ச்சிகள் தனித்தன்மை வாய்ந்தவை. 1987-இல் தொடங்கிய டகுகினாய், பொம்மைகளைக் கொண்டு குழந்தைகளுக்கு இனுக்டிடுட் எழுத்தையும் எண்ணையும் கற்றுத் தந்தது. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்று தன் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுகிறது. பேக்கர் லேக்கில் பீட்டர் டபட்டாய் வானில் பறக்கும் இனுயிட் வீரனாக நடித்த சூப்பர் ஷமூ, ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் முகச்சாயல் கொண்ட ஒரு நாயகனைக் கொடுத்தது.

நடப்பு விவகாரங்களைப் பேசிய கஜிக் என்ற நிகழ்ச்சியைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தெற்கின் செய்தியாளர்கள் செய்வதுபோலத் துக்கத்தில் இருப்பவர்களிடம் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்பதை இனுயிட் தயாரிப்பாளர்கள் தவிர்த்தார்கள். ஒருவர் பேசும்போது இடையில் புகுந்து மடக்குவதையும் விரும்பவில்லை. ஒரு பெரியவர் பேச்சை நிறுத்தி யோசித்தால், அந்த மௌனத்தை வெட்டி எறியாமல் அப்படியே விட்டார்கள். கமராவும் செய்மதியும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றைக் கையாண்ட ஒழுக்கம் அவர்களுடையது.

கமரா பிடித்த இளைஞர்கள்

இந்த மானியங்கள் செய்த பெரிய வேலை எது என்று என்னைக் கேட்டால், ஊருக்குள்ளேயே இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்ததைத்தான் சொல்வேன். அதற்கு முன் வடக்கில் ஓர் இளைஞனுக்குக் கிடைக்கக்கூடிய சம்பள வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒளிபரப்பு வந்ததும் கமரா, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, மொழிபெயர்ப்பு, அறிவிப்பு, கணக்கு என்று புதிய தொழில்கள் ஊருக்குள் வந்தன. கற்றுக்கொள்ள மொன்றியலுக்கோ ரொறன்ரோவுக்கோ போக வேண்டியிருக்கவில்லை. தாய்மொழி தெரிந்திருப்பது அங்கே முதல் தகுதியாக இருந்தது. பாடசாலை எதைக் குறை என்று சொன்னதோ, வேலைத்தலம் அதற்குச் சம்பளம் கொடுத்தது.

இக்லூலிக்கின் கதையை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். போல் அப்பாக் அங்கிலிர்க் 1978-இல் இனுக்‌ஷுக் திட்டத்தில் பயிலுநராகச் சேர்ந்தவர். சகாரியஸ் குனுக் 1957-இல் பிறந்து, வேட்டை முகாமில் வளர்ந்து, ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டவர். கல்லில் சிற்பம் செதுக்கிப் பிழைத்தார். 1981-இல் தன் சிற்பங்களை மொன்றியலுக்கு எடுத்துச் சென்று விற்று, அந்தப் பணத்தில் ஒரு வீடியோ கமரா வாங்கி வந்தார். தொலைக்காட்சியை இருமுறை மறுத்த ஊரில், தன் அப்பாவின் வேட்டைக் கதைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. பின்னர் இனுயிட் கூட்டுத்தாபனத்தின் இக்லூலிக் நிலையத்தில் சேர்ந்து, தயாரிப்பாளராகி, அந்த நிலையத்தின் மேலாளராகவும் ஆனார்.

1990-இல் குனுக், அப்பாக், ஊர்ப் பெரியவர் போலூசி குலிடாலிக், வீடியோக் கலைஞர் நோர்மன் கோன் ஆகிய நால்வரும் இசுமா என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்த அட்டனார்ஜுவட் என்ற படம் 2001-இல் கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கமரா விருதைப் பெற்றது. இனுக்டிடுட் மொழியிலேயே எழுதி, இயக்கி, நடித்த முதல் முழுநீளத் திரைப்படம் அது. நடிகர்களில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள். தோல் உடைகளை ஊர்ப் பெண்கள் தைத்தார்கள். திரைக்கதையை எழுதிய அப்பாக் படம் முடிவதற்கு முன்பே 1998-இல் காலமாகிவிட்டார். 2015-இல் ரொறன்ரோ திரைப்பட விழா அமைப்பு நடத்திய வாக்கெடுப்பில், கனடா எடுத்த படங்களிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று தேர்வானது. அரசு நிதியில் நடந்த ஒரு திட்டத்தில் பயிலுநர் சம்பளம் வாங்கிய ஒருவரும், அதிலிருந்து பிறந்த கூட்டுத்தாபனத்தில் தொழில் பழகிய இன்னொருவரும் சேர்ந்து ஈட்டிய புகழ் இது.

பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் அதே இடத்தில் இருக்கவில்லை. சிபிசியும் அரசுத் திணைக்களங்களும் கூடுதல் சம்பளம் கொடுத்து அவர்களை அழைத்துக்கொண்டன. சங்கங்களுக்கு இது இழப்பாக இருந்தது. ஆனால் வடக்கின் பொதுவாழ்வு இதனால் வளர்ந்தது. ரோஸ்மேரி குப்டானாவே பின்னர் இனுயிட் டப்பிரிசாட்டின் தலைவராகி, 1992-இன் அரசியலமைப்புப் பேச்சுகளில் தன் மக்களுக்காக வாதாடினார்.

1990-இன் வெட்டு

1990 பெப்ரவரியில் வந்த மத்திய வரவு செலவுத் திட்டம் இந்த வளர்ச்சியின் நடுவில் வெட்டாக விழுந்தது. பத்திரிகைகளைத் தாங்கி வந்த பூர்வகுடித் தொடர்பாடல் திட்டம் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. வடக்கு ஒளிபரப்புத் திட்டத்தின் பணம் 16 விழுக்காடு குறைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் பத்திரிகை நடத்திப் பழகிய சங்கங்கள் விளம்பரத்தை மட்டும் நம்பி நிற்க நேர்ந்தது. சில பத்திரிகைகள் மூடப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளிலும் ஒளிபரப்புப் பணம் மேலும் சுருங்கியது.

வெட்டு வரும்போது முதலில் போவது பயிற்சி. கருவி பழுதானால் எப்படியாவது திருத்துவார்கள், ஒளிபரப்பு நேரத்தையும் எப்படியாவது நிரப்புவார்கள். புதிதாக ஓர் இளைஞனை எடுத்து, அவன் தவறு செய்து கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டு கொடுப்பதற்குத்தான் பணம் இருக்காது. வானொலி நிலையங்கள் தாங்களே வழி தேடின. வானொலி பிங்கோ அவற்றுக்குப் பெரிய வருமானமானது. ஊர்க் கடையில் அட்டைகளை விற்று, குறித்த மாலையில் அறிவிப்பாளர் எண்களை வாசிப்பார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வருமானம் பல நிலையங்களின் விளக்கை அணையாமல் காத்தது. அதைக் கொண்டு ஒரு தலைமுறைக்குத் தொழில் கற்றுக் கொடுக்க முடியாது.

வடக்கிலிருந்து நாடு முழுவதற்கும்

தங்களுக்கென ஓர் அலைவரிசை வேண்டும் என்ற கோரிக்கை இதற்குள் வலுத்திருந்தது. அரசு ஒதுக்கிய ஒரு கோடி டொலரில், 1992 ஜனவரி 21 அன்று வடகனடாத் தொலைக்காட்சி பிறந்தது. வடக்கின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய அந்த அலைவரிசை, ஐந்து நேர வலயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஊர்களைச் சென்றடைந்தது. ஹொக்கி ஆட்டம் முடியும்வரை காத்திருக்கும் நிலை போனது.

1991-இன் ஒளிபரப்புச் சட்டமும் துணை நின்றது. கனடாவின் ஒளிபரப்பு முறை இந்நாட்டுச் சமூகத்தில் பூர்வகுடி மக்களுக்குள்ள சிறப்பிடத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று அது எழுதி வைத்தது. கனடாவின் பல்பண்பாட்டு இயல்பையும் அதே பிரிவு குறிப்பிடுகிறது. கனடாவில் தமிழில் ஒலிபரப்பும் நம்மவர்கள் நிற்கும் சட்டத் தளமும் இதுவே.

அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, நாடு தழுவிய உரிமம் கேட்டு வடகனடாத் தொலைக்காட்சி விண்ணப்பித்தது. 1999 பெப்ரவரி 22 அன்று சிஆர்டிசி சம்மதித்தது. அடிப்படை அலைவரிசைத் தொகுப்பில் இதைச் சேர்ப்பது கேபிள், செய்மதி நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 15 சதம், அதாவது ஆண்டுக்கு 1 டொலர் 80 சதம், கட்டணம். 1999 செப்ரெம்பர் 1 அன்று ஏபிடிஎன் என்ற பெயரில் அது வினிப்பெக்கிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. பூர்வகுடி மக்கள் தாமே நடத்தும் தேசியத் தொலைக்காட்சி உலகில் வேறெங்கும் அன்று இருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்றுதான் நுனாவுட் ஆட்சிப்பகுதியும் உருவாகியிருந்தது.

மானியம் ஒவ்வோர் ஆண்டும் அமைச்சரின் கையைப் பார்த்து நிற்க வைக்கும். சந்தாவோ சந்தாதாரர்கள் இருக்கும்வரை வரும். ஏபிடிஎன்னின் உறுதிக்கு இந்த நிதி அமைப்பே காரணம்.

இளையோர் வேலைத் திட்டங்கள்

இதே காலத்தில், வேறு திணைக்களங்களின் வாசலில் இளையோருக்கான வேலைத் திட்டங்கள் தொடங்கின. 1996-இல் மரபுரிமைத் திணைக்களம் யங் கனடா வேர்க்ஸ் என்ற கோடை வேலைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் ஒரு பிரிவு நகரங்களில் வாழும் பூர்வகுடி இளையோருக்கானது. நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் இயங்கும் பூர்வகுடி நட்பு நிலையங்களின் தேசியச் சம்மேளனம் அதை நடத்தியது. அமெலின் கோட்டுக்குத் தெற்கே விடப்பட்ட பிள்ளைகளுக்கு அது ஓரளவு கை கொடுத்தது.

1997-இல் மத்திய அரசின் இளையோர் வேலைவாய்ப்பு வியூகம் வந்தது. அதன் கீழ் முதற்குடி, இனுயிட் இளையோருக்கென்று ஒரு தனிப் பிரிவு அமைந்தது. பணம் நேரடியாகச் சமூகங்களின் நிர்வாகத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் ஊரில் எந்த வேலை தேவை என்று முடிவு செய்து, 15 முதல் 30 வயதுவரை உள்ளவர்களை எடுத்து, ஊதியத்துக்கு மானியம் கொடுக்கலாம். ஊர்ச் சபை அலுவலகம், நலநிலையம், கடை போலவே ஊர் வானொலி நிலையமும் இப்படி ஒரு கோடைக்கால உதவியாளரைப் பெற முடியும். பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சிக்கும் 1999-இல் தனி வியூகம் வந்து, 2010-இலும் 2019-இலும் பெயரும் வடிவமும் மாறி இன்றும் தொடர்கிறது.

இந்தத் திட்டங்களின் நன்மையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு முதல் சம்பளக் காசோலை கையில் கிடைப்பது அந்த வீட்டுக்கே மாற்றம். ஆனால் ஒளிபரப்புப் பணம் ஒரு திணைக்களத்திலும் வேலைப் பணம் இன்னொன்றிலும் இருந்ததால், இரண்டையும் இணைக்கும் சுமை ஊர்ச் சங்கங்களின் தலையில் விழுந்தது. விண்ணப்பப் படிவங்கள் வேறு, முடிவுத் தேதிகள் வேறு, கணக்கு அறிக்கைகள் வேறு. நிகழ்ச்சி தயாரிப்பவர்களே இரவில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். கோடை மானியம் சில வாரங்களில் முடியும். படத்தொகுப்பு சில வாரங்களில் வசப்படுவதில்லை. பிள்ளை கொஞ்சம் பழகும்போது மானியம் தீர்ந்துவிடும்.

இன்றைய நிலை

நுனாவுட் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வயது இருபத்தாறுக்குள். கனடாவின் மிக இளமையான ஆட்சிப்பகுதி அது. அங்கே வேலை, மொழி, ஊடகம் மூன்றையும் பிரித்துப் பேச முடியாது.

முன்னேற்றங்கள் உண்டு. 2019-இல் பூர்வகுடி மொழிகள் சட்டம் நிறைவேறியது. 2021 ஜனவரியில் இருபத்து நான்கு மணி நேரமும் இனுக்டிடுட்டில் ஒளிபரப்பும் உவாகுட் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் பின்னணியில் குனுக்கும் இசுமா தோழர்களும் இருந்தார்கள். 2023-இன் இணையவழி ஒளிபரப்புச் சட்டம் பூர்வகுடி ஒளிபரப்பின் இடத்தை மேலும் வலுப்படுத்தியது. 2024 செப்ரெம்பரில் ஏபிடிஎன் பூர்வகுடி மொழிகளுக்கென்றே இரண்டாவது அலைவரிசையைத் தொடங்கியது.

கவலையும் உண்டு. கேபிள் இணைப்பைத் துண்டித்து இணையத்துக்கு மாறும் வீடுகள் கூடக்கூட, சந்தா வருமானம் குறைகிறது. 1999-இல் உறுதியான அடித்தளமாக இருந்தது இன்று ஆட்டம் காண்கிறது. இணையத்தில் படம் காட்டும் பன்னாட்டு நிறுவனங்களிடமிருந்து பூர்வகுடி ஒளிபரப்புக்கு என்ன பங்கு வரும் என்பதே இப்போதைய பெரிய கேள்வி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இந்த அரை நூற்றாண்டைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இது. அரசுப் பணம் எங்கே ஊர் இளைஞர்களின் சம்பளமாகவும் பயிற்சியாகவும் பல ஆண்டுகள் தொடர்ந்து போனதோ, அங்கே நிறுவனம் நிலைத்தது, மொழி நிலைத்தது, கலைஞர்கள் உருவானார்கள். எங்கே அது ஓராண்டு மானியமாகவும் கருவியாகவும் மட்டும் வந்ததோ, அங்கே மானியத்தோடு எல்லாம் முடிந்தது. அரசு தானாக எதையும் கொடுக்கவில்லை என்பதும் தெளிவு. இக்லூலிக் மறுத்திராவிட்டால், ஆறு ஊர்கள் செய்து காட்டியிராவிட்டால், 1983-இன் கொள்கை வந்திருக்காது.

தமிழ் ஒலிபரப்பாளர்களிடம் நான் கேட்பது மூன்று. உங்கள் நிலையத்தில் ஓர் இளையவரைச் சம்பளத்துக்கு வைத்து முழுதாகத் தொழில் கற்றுக் கொடுங்கள். இலவசத் தொண்டராக மட்டும் அவரை நடத்தாதீர்கள். பூர்வகுடி ஒளிபரப்பு பற்றி சிஆர்டிசி பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, தமிழ் அமைப்புகளின் சார்பில் ஆதரவுக் கடிதம் அனுப்புங்கள். யார் மண்ணில் வாழ்கிறோமோ அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது. மூன்றாவதாக, வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த அலைவரிசையைப் பாருங்கள். அதற்கான பணத்தை நாம் ஏற்கெனவே செலுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.